கணினிக்குள் ஒரு தனி அடுப்பு: விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. கல்லூரிப் பிள்ளைகள், அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளைகள், பலகாரக் கடைக்காரர்கள் என்று எல்லாரும் வருவார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து "லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமாண்ணே?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸ்போலவே கணினியை இயக்கும் இன்னொரு இயங்குதளம், இலவசம். போடுங்கள், ஆனால் முதலில் விண்டோஸுக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினில் போடுங்கள் என்பேன். அதற்கு அடுத்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

நம்ம ஊர்ப் பெரிய வீட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ வழக்கம். அன்றிலிருந்து அவன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. அதே முகப்பு, அதே வளவு, அதே கிணறு. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. அவர்கள் குழம்பு தீய்ந்தாலும் பெரிய அடுப்புச் சமையலுக்கு ஒன்றும் ஆகாது.

விர்ச்சுவல் மெஷினும் இதே ஏற்பாடுதான். கடையில் இதைச் சுருக்கி ‘விஎம்’ என்போம். விண்டோஸ்தான் பெரிய வீடு. அதன் நினைவகத்தில் ஒரு பங்கு, ப்ராசஸரில் ஒரு பங்கு, வன்தட்டில் பெரியதாக ஒரு கோப்பு, இந்த மூன்றையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டால், உள்ளே குடியேறும் லினக்ஸ் தனிக் கணினியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். திரையில் நமக்கு அது இன்னொரு ஜன்னல், அவ்வளவுதான்.

இது புதுச் சரக்கும் இல்லை. ஒரே மெயின்ஃப்ரேமைப் பல பேர் தனித்தனிக் கணினிபோல் பயன்படுத்த ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்று ஒன்றை வெளியிட்டது. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் தங்கள் ப்ராசஸர்களிலேயே இதற்கான வசதியை வைத்த பிறகு, வீட்டுக் கணினியிலும் வேகம் கிடைத்தது.

டூயல் பூட் போட்டால் வேகமாக இருக்குமே, எதற்கு இந்தச் சுற்று வழி?

டூயல் பூட் என்றால் ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் தனித்தனியாக நிறுவி, போடும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வேகமாக இருக்கும்தான். ஆனால் வன்தட்டைப் பிரிக்க வேண்டும், எந்த இயங்குதளம் எழ வேண்டும் என்று பார்க்கும் பூட் லோடரைத் தொட வேண்டும். போன வருடம் ஒரு மாணவர் டூயல் பூட் போடப் போய், டி டிரைவைப் ‘பயன்படுத்தாத இடம்’ என்று நினைத்து அழித்துவிட்டார். அதில்தான் அவர் அக்காவின் கல்யாணப் படங்கள் இருந்தன. மூன்று நாள் மீட்டதில் பாதிதான் வந்தது. அவர் வீட்டு ஆச்சி கடைக்கே வந்து "படத்தை எல்லாம் எந்தப் பொட்டியில போட்டான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விஎம்மில் இந்த ஆபத்து கிடையாது. தப்பாகிப் போனால் அந்த ஜன்னலை மூடிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

எந்த மென்பொருளில் விஎம் உருவாக்குவது?

நான் எல்லாருக்கும் போட்டுக் கொடுப்பது விர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியில் இன்னோடெக் என்ற நிறுவனம் உருவாக்கி 2007-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது, 2010-ல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிள் கைக்குப் போனது. அடிப்படை மென்பொருள் யாருக்கும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. அதே பக்கத்தில் ‘எக்ஸ்டென்ஷன் பேக்’ என்று தனியாக ஒன்று கிடைக்கும். அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம். கடை, ஆலை, அலுவலகம் என்றால் உரிமம் வாங்க வேண்டும். 7.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2, 3 வசதி அடிப்படை மென்பொருளிலேயே வந்துவிட்டதால் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பேக் தேவையே இல்லை. தேவையில்லாததை இறக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் நல்ல மென்பொருள். 2024 நவம்பர் முதல் வணிக உபயோகத்துக்கும் இலவசம். ஆனால் அதை இறக்கக் கணக்கு தொடங்கி, படிவம் நிரப்பி, என்று ஒரு அலைச்சல் இருக்கிறது. விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி என்பது விண்டோஸின் ப்ரோ பதிப்பில்தான் இருக்கும், ஹோம் பதிப்பில் இருக்காது. நம்மிடம் வரும் மடிக்கணினிகளில் முக்கால்வாசி ஹோம்தான்.

என் கணினி தாங்குமா?

நினைவகத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 8 ஜிபி இருந்தால் உள்ளே 3 அல்லது 4 ஜிபி கொடுக்கலாம், நன்றாக ஓடும். 16 இருந்தால் கவலையே இல்லை. 4 ஜிபிதான் என்றால் விஎம் பக்கம் போகாதீர்கள். விண்டோஸே பாதிக்கு மேல் தின்றுவிடும், மிச்சத்தில் இரண்டும் பட்டினி கிடக்கும். அந்த மாதிரிக் கணினியில் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலேயே, ஓட்டிப் பார்ப்பதே மேல்.

எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. பழைய சுழலும் வன்தட்டில் இரண்டு இயங்குதளம் ஒரே ஊசிக்குச் சண்டை போடும். லினக்ஸ் மிண்டுக்குக் குறைந்தது 20 ஜிபி இடம் வேண்டும், நான் 30 ஒதுக்குவேன். ப்ராசஸரில் இரண்டு கோர் போதும். நாலு கோர் இருக்கும் கணினியில் நாலையும் தூக்கிக் கொடுத்துவிட்டு "விண்டோஸ் உறையுது" என்று வருபவர்கள் உண்டு.

‘விடி-எக்ஸ் இல்லை’ என்று பிழை வருகிறதே?

விடி-எக்ஸ் என்பது மேலே சொன்ன ப்ராசஸர் வசதிக்கு இன்டெல் வைத்த பெயர். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைச் சொடுக்குங்கள். கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி இருக்கும். ‘எனேபிள்டு’ என்று இருந்தால் சரி. ‘டிசேபிள்டு’ என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைத்திருக்கிறது. கணினியை அணைத்துப் போடும்போது டெல், ஏசர் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10 தட்டி உள்ளே போய், இன்டெல்லில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டியில் ‘எஸ்விஎம்’ என்ற பெயரில் இருப்பதை இயக்கிவிட்டு எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அங்கே வேறு எதையும் கிண்ட வேண்டாம்.

எந்த லினக்ஸ்? எங்கே இறக்குவது?

முதல் தடவை என்றால் லினக்ஸ் மிண்ட். விண்டோஸ் பழகிய கைக்குத் திசை தெரியும். 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. கணினி சுமார் ரகம் என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பை எடுங்கள். கல்லூரியில் சர்வர் பாடம் படிப்பவர்கள் டெபியன் என்ற லினக்ஸை எடுக்கலாம்.

அரசின் இலவச மடிக்கணினி வாங்கிய தலைமுறைக்கு ஒன்று நினைவிருக்கலாம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினியைப் போட்டதும் வரும் பட்டியலில் தெரியாமல் அம்புக்குறி பட்டு அதற்குள் போய்விட்டு, "கம்ப்யூட்டர் வேற மாதிரி ஆயிடுச்சு" என்று பதறி வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு லினக்ஸ் ஏற்கெனவே அறிமுகம்தான், பெயர் தெரியாமல்.

மிண்டின் ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவும் சிடியின் முழு நகல், ஏறக்குறைய 3 ஜிபி. ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி டேட்டா உள்ள மொபைலில் இறக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றால், சில பிரவுசர்களில் மறுநாள் முதலிலிருந்துதான். டொரண்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிராட்பேண்ட் உள்ள நண்பர் வீடு இன்னும் சுலபம்.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்க வேண்டுமா? யாரும் செய்வதில்லையே?

யாரும் செய்வதில்லை என்பது உண்மை. 2016 பிப்ரவரியில் மிண்டின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ-வுக்கு இணைப்பை மாற்றி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு இறக்கியவர்களில் செக்சம் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) பார்த்தவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து, எஸ்ஹெச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் நீண்ட எண்ணும் தளத்தில் போட்டிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இறக்கும்போது கோப்பு பழுதாகியிருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும். நிறுவல் 70 சதவீதத்தில் நிற்பது போன்ற மர்மங்களுக்கு என் அனுபவத்தில் பாதிக் காரணம் பழுதான ஐஎஸ்ஓ.

விஎம்மை உருவாக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘நியூ’ அழுத்திப் பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓ-வைக் காட்டுங்கள். அங்கே ‘அனட்டெண்டட் இன்ஸ்டலேஷன்’ என்று ஒன்று வரும். நீங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அதுவே எல்லாம் செய்து வைக்கும் ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் மாற்றாவிட்டால் பயனர் ‘விபாக்ஸ்யூசர்’, கடவுச்சொல் ‘சேஞ்ச்மீ’ என்று அதுவே வைத்துக்கொள்ளும். அப்புறம் "பாஸ்வேர்டு கேக்குது, நான் எதுவும் வைக்கலையே" என்று எனக்கு போன் வரும். அதைத் தவிர்த்துவிட்டுக் கையால் நிறுவுங்கள். கற்றுக்கொள்ளத்தானே வந்தீர்கள்?

வன்தட்டு வகையில் ‘டைனமிக்’ என்பதை மாற்றாமல் அப்படியே வையுங்கள். 30 ஜிபி என்று சொன்னாலும் உள்ளே எழுத எழுதத்தான் கோப்பு வளரும். ஆனால் உள்ளே அழித்தால் வெளியே தானாகச் சுருங்காது, இதை மறக்க வேண்டாம். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.

‘எரேஸ் டிஸ்க்’ என்று கேட்கிறது. என் விண்டோஸ் போய்விடுமா?

போகாது. எல்லாரும் கை நடுங்கும் இடம் இதுதான், அதனால் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

மிண்ட் ஜன்னலுக்குள் மேசைத் திரை வந்ததும், ‘இன்ஸ்டால் லினக்ஸ் மிண்ட்’ என்ற படத்தைச் சொடுக்குகிறீர்கள். மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு, நான்காவது ஐந்தாவது திரையில் ‘எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் லினக்ஸ் மிண்ட்’ என்று வரும். கீழே சின்ன எழுத்தில் எல்லாக் கோப்புகளும் அழியும் என்று ஒரு எச்சரிக்கை வேறு. போன மாதம் தேவகோட்டையிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் இந்த இடத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, பத்து வருசக் கணக்கு இதுல இருக்கு, நீயே அமுக்கு" என்றார்.

மிண்டுக்கு வெளியே விண்டோஸ் இருப்பதே தெரியாது. அது பார்க்கும் ‘டிஸ்க்’ என்பது நீங்கள் ஒதுக்கிய அந்தக் கோப்பு மட்டும்தான். நம்பிக்கை வர இரண்டு அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த திரையில், அல்லது ‘சம்திங் எல்ஸ்’ என்பதற்குள் போய்ப் பார்த்தால், தட்டின் பெயர் ‘விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்’ என்று இருக்கும். அளவு நீங்கள் கொடுத்த 30 ஜிபியை ஒட்டி இருக்கும். உங்கள் உண்மையான தட்டு 500 ஜிபியோ 1 டிபியோ என்றால் அந்த எண் அங்கே எங்கும் வராது. இரண்டும் சரியாக இருந்தால் தைரியமாக அழுத்துங்கள். தேவகோட்டை அண்ணனுக்கு அந்த ‘விபாக்ஸ்’ என்ற பெயரை விரல் வைத்துக் காட்டினேன். அப்புறம் அவரே அழுத்தினார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இதே பொத்தானைப் பென்டிரைவிலிருந்து உண்மையான கணினியில் பூட் செய்து அழுத்தினால் நிஜமாகவே எல்லாம் போய்விடும். விஎம்மில் பழகிய தைரியத்தை அங்கே காட்ட வேண்டாம்.

நிறுவி முடித்தேன், மறுபடியும் நிறுவும் திரையே வருகிறது?

ஐஎஸ்ஓ இன்னும் விஎம்மின் சிடி டிரைவிலேயே இருக்கிறது. டிவைசஸ் மெனுவில் ஆப்டிகல் டிரைவ்ஸ் போய் அதை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டது, வெளியே வர மாட்டேன் என்கிறது.

வலப்பக்க கன்ட்ரோல் விசையை ஒரு தடவை தட்டுங்கள்.

திரை சின்னதாகவே இருக்கிறது. பெரிதாக்க முடியுமா?

அதற்கு ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ வேண்டும். உள்ளே இருக்கும் லினக்ஸும் வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸும் பேசிக்கொள்ள ஒரு தூதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிண்டில் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆகாவிட்டால் டிவைசஸ் மெனுவின் கடைசி வரியில் ‘இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி’ இருக்கிறது. சொடுக்கி, உள்ளே தோன்றும் சிடியை ஓட்டி, கடவுச்சொல் கொடுத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். அதன்பின் ஜன்னலை இழுத்த அளவுக்குத் திரையும் விரியும்.

விண்டோஸில் தமிழ் தட்டச்சு வைத்திருக்கிறேன். உள்ளே ஆங்கிலம்தான் வருகிறது?

நல்ல கேள்வி, பலருக்கும் காரணம் புரிவதில்லை. விண்டோஸில் நீங்கள் ‘க’ அடிக்கும்போது, விசையை அழுத்திய பிறகு விண்டோஸில் உள்ள மென்பொருள்தான் அதைத் தமிழ் எழுத்தாக மாற்றுகிறது. விஎம்முக்கு அந்த எழுத்து போவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண் மட்டுமே போகிறது. ஆகவே உள்ளே இருக்கும் லினக்ஸுக்கும் தமிழ் விசைப்பலகையைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மிண்டில் கீபோர்டு அமைப்பில் லேஅவுட் பகுதிக்குப் போய்ச் சேர்க்கச் சொன்னால் இந்தியப் பட்டியலில் தமிழ் இருக்கும். அதில் தமிழ்நெட் 99 என்று இருப்பதுதான் 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99. ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் ஐபஸ் என்ற தட்டச்சு உதவி மென்பொருளை நிறுவி, அதில் எம்17என் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். விண்டோஸில் தமிழை இயக்கி வைத்துக்கொண்டு விஎம்முக்குள் போகாதீர்கள். எங்கே எது இயங்குகிறது என்று உங்களுக்கே குழம்பும்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பை லினக்ஸில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. அது யூனிகோடு இல்லை, அந்த எழுத்துருவை உள்ளேயும் நிறுவினால்தான் தமிழாகத் தெரியும்.

கோப்புகளை உள்ளேயும் வெளியேயும் எப்படிக் கொண்டுபோவது?

ஷேர்டு ஃபோல்டர். விண்டோஸில் ‘பாலம்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, விஎம் அமைப்பில் அதைக் காட்டி, ‘ஆட்டோ மவுண்ட்’ என்பதைக் குறியிடுங்கள். லினக்ஸில் அதைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். உங்கள் பயனரை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் சேர்த்து, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்தால் திறக்கும். முழு சி டிரைவையும் பகிராதீர்கள். தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் பெரிய வீட்டின் இரும்புப் பெட்டிச் சாவியையும் கையில் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

ரொம்ப மெதுவாக இருக்கிறது. கீழே ஒரு பச்சை ஆமை வேறு தெரிகிறது.

ஆமை பொய் சொல்லாது. விண்டோஸின் ஹைப்பர்-வி அடித்தளம் ப்ராசஸர் வசதியைத் தான் முன்னாடியே எடுத்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11-ல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு இயங்கினாலும் ஆமை வரும். அதை அணைத்தால் வேகம் கூடும். ஆனால் அந்தக் கணினியில்தான் வங்கி வேலையும் பார்க்கிறீர்கள் என்றால் நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். மெதுவாக ஓடினாலும் ஓடுகிறதே. முதலில் நினைவகம், கோர் எண்ணிக்கை, வைரஸ் ஸ்கேன் ஓடுகிறதா என்பதைப் பாருங்கள்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன? எப்போது எடுக்க வேண்டும்?

விஎம்மில் பிடித்தது ஒன்றே ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்த நொடியில் உள் கணினி எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு குறி வைத்துவிடும். அப்புறம் என்ன உடைத்தாலும் அந்தக் குறிக்குத் திரும்பலாம். நிறுவி முடித்து, தமிழ் வந்து, இணையம் வந்ததும் முதல் ஸ்னாப்ஷாட் எடுங்கள். ‘சுத்தமான நிறுவல்’ என்று தேதியோடு பெயர் வையுங்கள். பெயர் வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து ஸ்னாப்ஷாட் 1, 2, 3 என்று வரிசையாக நிற்கும், எது எதுவென்று தெரியாது.

இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். வன்தட்டில் இடம் இல்லை என்று விஎம் ஃபோல்டருக்குள் போனேன். ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ என்று 12 ஜிபிக்குச் சில கோப்புகள். பழையதுதானே என்று நேராக டெலிட் செய்துவிட்டேன். அன்று மாலை விஎம்மைத் திறந்தால் பிழை. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு உள்ளே எழுதும் எல்லாமே அந்தப் புதிய கோப்பில்தான் போகும். அடிப்படைத் தட்டு அதே இடத்தில் உறைந்து நிற்கும். நான் அழித்தது பழையது இல்லை, கடைசி நான்கு மாத வேலை. நீக்க வேண்டும் என்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளிருந்தே நீக்குங்கள். அது வேறுபாடுகளைப் பொறுமையாக ஒன்றுசேர்த்துவிட்டு நீக்கும், நேரமாகும், நடுவில் நிறுத்த வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பதும் தப்பு. வன்தட்டு செத்தால் அதுவும் சேர்ந்து சாகும்.

எங்கள் ஆலையில் பழைய டாஸ் கணக்கு மென்பொருள் இருக்கிறது. புதுக் கணினியில் ஓட்ட முடியுமா?

முடியும், செய்துகொடுத்திருக்கிறேன். புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலை. 1990-களில் யாரோ எழுதிக் கொடுத்த டாஸ் (விண்டோஸுக்கு முந்திய, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) மென்பொருளில்தான் நெல் வரவு, அரிசி பற்று, தவிடு, உமி எல்லாம். பழைய கணினி மதர்போர்டு போய்விட்டது. புது 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் நிரல்களைத் தொடவே தொடாது. கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு வேறு மென்பொருள் வேண்டாம், கை பழகிவிட்டது. எஃப்3 தட்டினால் மூட்டைக் கணக்கு வர வேண்டும்.

ஃப்ரீடாஸ் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும், 1994-ல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கியது. இன்றைக்கும் புதுப் பதிப்பு வருகிறது. அதற்கு 64 எம்பி நினைவகம், 500 எம்பி தட்டு கொடுத்தேன். அதுவே தாராளம். பழைய தட்டிலிருந்த ஃபோல்டரை ஒரு ஐஎஸ்ஓ ஆக்கி, சிடிபோல் உள்ளே காட்டி நகலெடுத்தேன். மென்பொருள் முதல் தடவையிலேயே எழுந்துகொண்டது.

இரண்டு இடத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முதலாவது, விஎம்மைத் திறந்ததும் கணினியின் விசிறி ஆலை மோட்டார்போல் இரைந்தது. டாஸுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விசை எதுவும் அழுத்தாதபோதும் ப்ராசஸரை முழுசாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃப்ரீடாஸோடு வரும் எஃப்டிஏபிஎம் என்ற சின்ன நிரலைத் தொடக்கக் கோப்பில் சேர்த்ததும் இரைச்சல் அடங்கியது. இரண்டாவது அச்சு. பழைய பேரலல் போர்ட் பிரிண்டரைப் புதுக் கணினியில் மாட்ட இடமே இல்லை. கெஸ்ட் அடிஷன்ஸ் டாஸுக்குக் கிடையாது, அதனால் ஷேர்டு ஃபோல்டரும் இல்லை. கடைசியில் அறிக்கையைக் கோப்பாக ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பி இமேஜில் எழுத வைத்து, அதை விண்டோஸில் செவன்-ஜிப்பால் திறந்து, அங்கிருந்து அச்சிட்டோம். இரண்டு படி கூடுதல்தான். "பரவால்ல, தாள் வந்தாச் சரி" என்றார் அண்ணன். கணக்கு ஃபோல்டரைத் தினமும் வெளியே நகலெடுக்கும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

லினக்ஸ் தவிர வேறு என்ன போட்டுப் பார்க்கலாம்?

ஆர்வத்துக்கு என்றால் ஹைக்கூ. 1990-களில் பீ நிறுவனத்தின் பீஓஎஸ் என்று ஒரு இயங்குதளம் இருந்தது. 1996-ல் ஆப்பிள் அதை வாங்குவதாகப் பேச்சு நடந்து, கடைசியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. பீ நிறுவனத்தின் சொத்து 2001-ல் பாம் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே வருடம் ஆர்வலர்கள் அதைத் திறந்த மூலமாக முதலிலிருந்து எழுதத் தொடங்கியதுதான் ஹைக்கூ. 2024 செப்டம்பரில் ஐந்தாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்தது. ஆமாம், 23 வருடம் கழித்தும் பீட்டாதான். ஆத்தங்குடிக் கல் பதிப்பவர்கள்கூட இவ்வளவு நிதானம் காட்ட மாட்டார்கள்.

2 ஜிபி கொடுத்தால் சில நொடியில் எழுந்துவிடும். ஜன்னல்களுக்கு மேலே மஞ்சள் தாவல், பார்க்கவே தனி அழகு. நிறுவும்போது தட்டுப் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்துப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டிரைவ்செட்டப் என்ற கருவியைத் திறந்து, தட்டில் ஒரு பகுதி உருவாக்கி, அதை ‘பீ ஃபைல் சிஸ்டம்’ ஆக வடிவமைத்தால்தான் பட்டியலில் வரும். அன்றாட வேலைக்கு இதை நம்ப வேண்டாம்.

ரியாக்ட்ஓஎஸ் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் முயற்சி, இன்னும் பீட்டாவுக்கும் முந்திய ஆல்ஃபா நிலை. மேக்ஓஎஸ் கேட்காதீர்கள். ஆப்பிள் வன்பொருளில் மட்டுமே அதை ஓட்டலாம் என்பது அதன் உரிம நிபந்தனை.

விஎம்முக்குள் வைரஸ் வந்தால் வெளியே பரவுமா?

பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். ஆனால் ஷேர்டு ஃபோல்டரும் இருவழி கிளிப்போர்டும் திறந்திருந்தால் அதற்கு நீங்களே வழி வைத்துக்கொடுத்த மாதிரி. சந்தேகமான கோப்பைச் சோதிக்க என்றால் இரண்டையும் அணைத்து, நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டுத் திறங்கள். முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள்.

வேலை நடுவில் கரண்ட் போனால்?

மடிக்கணினி என்றால் தப்பித்தீர்கள். மேசைக்கணினியில் யுபிஎஸ் இல்லாமல் விஎம் ஓட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு கணினியை அடித்து அணைத்த கதைதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை அறிவித்த நாளில் காலையிலேயே ‘சேவ் ஸ்டேட்’ கொடுத்து மூடிவிடுங்கள். திறந்திருந்த பக்கங்கள் உட்பட அப்படியே உறைந்து நிற்கும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

செய்து வைத்த விஎம்மை வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோக முடியுமா?

ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்’ கொடுத்தால் ஓவிஏ என்ற ஒரே கோப்பாகக் கட்டிக்கொடுக்கும். வீட்டில் ‘இம்போர்ட்’. பென்டிரைவில் நகலெடுக்கும்போது இடம் இருந்தும் ‘கோப்பு பெரியது’ என்று மறுத்தால் அது ஃபேட்32 வடிவம், 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பைத் தாங்காது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். எக்ஸ்போர்ட்டில் ஸ்னாப்ஷாட்கள் போகாது, இப்போதைய நிலை மட்டும்தான் போகும்.

எப்போது விஎம்மை விட்டு நேரடியாக லினக்ஸுக்கு மாறலாம்?

ஒரு மாதம் உங்கள் அன்றாட வேலையை உள்ளேயே செய்து பாருங்கள். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, டேலி, இவற்றில் எதற்காவது மறுபடி மறுபடி விண்டோஸுக்கு ஓடி வருகிறீர்கள் என்றால் இப்படியே இருங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் விண்டோஸ் பக்கமே வரவில்லை என்றால் பேக்கப் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், பேசலாம்.

பிடிக்கவில்லை. எப்படி நீக்குவது?

விஎம்மை அணைத்துவிட்டு, பட்டியலில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘ரிமூவ்’ கொடுங்கள். கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும், ‘டிலீட் ஆல் ஃபைல்ஸ்’ என்று சொல்லுங்கள். ‘ரிமூவ் ஒன்லி’ கொடுத்தால் பட்டியலிலிருந்து மட்டும் போகும், 30 ஜிபி கோப்பு தட்டிலேயே கிடக்கும். ‘பாலம்’ ஃபோல்டர் விண்டோஸில் அப்படியே இருக்கும், அதில் இருப்பதைப் பார்த்துவிட்டு அழியுங்கள்.